திரை வந்தது, பாட்டு மெலிந்தது: ஒரு சபைப் பாடல் திரை பற்றிய நிகழ்வு ஆய்வு

"முன்ன மாதிரி யாரும் வாய் திறந்து பாடுறதில்ல" என்பதுதான் புகார். சொன்னவர் ஒரு கிறிஸ்தவத் திருச்சபையின் மூத்த மூப்பர். பாட்டுப் புத்தகங்களை அலமாரியில் வைத்துவிட்டு முன்சுவரில் பெரிய திரை மாட்டியதிலிருந்துதான் இப்படி என்றார். மீடியா குழுத் தம்பிகள் ஒத்துக்கொள்ளவில்லை. "ஐயா, முன்னெல்லாம் புத்தகத்துக்குள்ள தலையக் கவுத்துக்கிட்டுப் பாடினாங்க. இப்பத்தான் நிமிர்ந்து நிக்கிறாங்க" என்றார்கள். இரண்டு தரப்பும் சொன்னது சரி. தலைகள் நிமிர்ந்திருந்தன, குரல்தான் இறங்கியிருந்தது.

வார நாட்களில் செயலிகளுக்குத் திரை வடிவமைப்பது என் பிழைப்பு. ஞாயிறன்று கீபோர்டு வாசிக்கிறேன். மீதி நேரத்தில் கணினியை நோண்டுவேன். ஆராதனைப் பாட்டு இவை எல்லாவற்றையும் ஒரே மேசைக்கு இழுத்து வந்துவிடும். அதனால் "நீங்க கொஞ்சம் பாருங்கண்ணா" என்று கேட்டபோது எனக்குக் கசக்கவில்லை. சபையின் பெயரும் ஊரும் இந்த ஆய்வுக்குத் தேவையில்லை. தமிழில் பாடுகிற எந்தச் சபையிலும் இதே சிக்கல் இருக்கலாம்.

மண்டபம் நீளவாட்டமானது. திரையின் அகலம் 4 மீட்டர், கடைசி வரிசை அதிலிருந்து சுமார் 20 மீட்டர் தள்ளி. கிழக்குப் பக்கம் முழுக்கச் சன்னல்கள். ஒரே ஆராதனையில் பாமாலை, கீர்த்தனை, புதிய துதிப்பாடல் மூன்றும் வரும். பாடல் வரிகள் முதலில் பவர்பாயிண்ட் கோப்புகளாகச் சேர்ந்திருந்தன. பிறகு ஓப்பன்எல்பி என்ற இலவச மென்பொருளுக்கு மாறியிருந்தார்கள்.

எப்படி அளந்தோம்

சபையார் எவ்வளவு பாடுகிறார்கள் என்று பார்க்க ஒலிமட்டக் கருவி உதவாது. ஸ்பீக்கர் சத்தமும் அதில் சேர்ந்தே பதிவாகும். அதனால் எளிய வழி ஒன்றைப் பிடித்தோம். மண்டபத்தின் நடுவே எப்போதும் ஒரே நாற்காலியில் ஒரே போனை வைத்து ஆராதனையைப் பதிவு செய்வது. பிறகு ஸ்லைடு மாறும் இடங்களில் மட்டும் நிறுத்தி, புதிய வரியின் முதல் சீரைக் கேட்பது.

அந்த ஒரு சீர் நிறையச் சொல்லும். முதல் சீரில் பாடகர் குழு மட்டும் கேட்டு, இரண்டாவது சீரில் சபை வந்து சேர்ந்தால், சபைக்குப் பாட்டு தெரியும், வார்த்தைதான் தாமதமாகக் கிடைத்திருக்கிறது. முழு வரியும் காலியாக இருந்தால் பாட்டே புதிது, அல்லது சுருதி எட்டவில்லை. வரியின் நடுவில் குரல் உடைந்து கலைந்தால் வரி பிரித்த விதத்தைச் சந்தேகப்பட வேண்டும். இந்த மூன்றும் வேறு வேறு நோய்கள். ஆனால் மேடையிலிருந்து கேட்டால் மூன்றும் "சபை பாடல" என்றே தெரியும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றக் கூடாது என்பதில் கறாராக இருந்தோம். முதலில் ஒலி, பிறகு எழுத்து, கடைசியில் நேரம் என்று சில வாரங்கள் இடைவெளி விட்டுத்தான் கை வைத்தோம். அவசரப்பட்டவர்கள் உண்டு. ஆனால் எது வேலை செய்தது என்று பிறகு தெரியவேண்டுமே.

ஒலி

இதை நீட்ட வேண்டியதில்லை. பக்கத்தில் நிற்பவரின் குரல் காதில் விழுந்தால்தான் மனிதர்கள் தைரியமாகப் பாடுவார்கள். ஸ்பீக்கர் அதை மூடிவிட்டால் கச்சேரி கேட்க வந்தவர்களாகிவிடுவார்கள். மிக்சர் பார்க்கும் தம்பி சபைப்பக்க ஸ்பீக்கர்களின் சத்தத்தைக் குறைத்தார். டிரம்முக்கு முன்னால் தடுப்பு வந்தது. முன்னணிப் பாடகியின் குரலுக்கேற்ப ஈ சுருதியில் வைத்திருந்த சில பாட்டுகளை டி அல்லது சி-க்கு இறக்கினோம். கீபோர்டில் இது ஒரு பொத்தான் வேலை, கித்தார் தம்பிக்குத்தான் கொஞ்சம் முகம் சுருங்கியது. பதிவில் "முழு வரியும் காலி" வகை கணிசமாகக் குறைந்தது.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். "சபை தாளத்தைப் பின்னால இழுக்குது" என்று மேடையில் இருப்பவர்கள் எப்போதும் குறைப்படுவார்கள். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். மேடையில் அடித்த தாளம் 20 மீட்டர் தள்ளி நிற்பவரை அடைய 58 மில்லிநொடி ஆகும். அவர் அதைக் கேட்டுப் பாடிய குரல் மேடைக்குத் திரும்ப இன்னொரு 58. ஆக, கடைசி வரிசை மிகச்சரியாகப் பாடினாலும் மேடைக்கு அது நொடியில் கிட்டத்தட்ட எட்டில் ஒரு பங்கு பிந்தித்தான் வரும். சபை இழுக்கவில்லை, மண்டபம் நீளம்.

வரி

சிக்கலின் பெரும்பகுதி இங்கேதான் இருந்தது. பாட்டின் வரி எங்கே முடிகிறது என்று மென்பொருளுக்குத் தெரியாது. திரையின் விளிம்பு எங்கே வருகிறதோ அங்கே உடைக்கும். சோதனைக்காக நானே கட்டிய நான்கு அடிகளை வைத்துக் காட்டுகிறேன்:

காலை வந்து கதவைத் திறந்தாய்
மாலை மட்டும் மறவா திருந்தாய்
வேலை நேரம் விரலைப் பிடித்தாய்
சாலை தோறும் சார்ந்து நடந்தாய்

இதைப் பழைய ஸ்லைடு முறையில் போட்டால் இப்படி வரும்:

காலை வந்து கதவைத் திறந்தாய் மாலை
மட்டும் மறவா திருந்தாய் வேலை நேரம்
விரலைப் பிடித்தாய் சாலை தோறும்
சார்ந்து நடந்தாய்

ஒரு எழுத்துகூட மாறவில்லை. ஆனால் இரண்டாவதைப் பார்த்துப் பாடிப் பாருங்கள். "மாலை" என்ற சொல் முதல் வரியின் வாலில் தொங்குகிறது. கண் அங்கே மூச்சு வாங்கச் சொல்கிறது, மெட்டு ஓடச் சொல்கிறது. பாட்டு தெரிந்தவர் சமாளித்துக்கொள்வார். தெரியாதவர் வாயை மூடிக்கொள்வார். பதிவில் "நடுவில் கலைந்த" வரிகளை எடுத்துப் பார்த்தபோது கிட்டத்தட்ட எல்லாமே இப்படி விளிம்பில் உடைந்தவை.

தமிழ்ப் பாட்டுக்கு இதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. ஆங்கிலப் பாட்டில் இயைபு பெரும்பாலும் அடியின் முடிவில் வரும். நம் பாட்டில் எதுகை அடியின் தொடக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது: காலை, மாலை, வேலை, சாலை. அடுத்த அடி என்ன சொல்லில் தொடங்கும் என்று நினைவுக்கு எடுத்துக்கொடுப்பது அந்த எதுகைதான். எழுதப்படிக்கத் தெரியாத பாட்டிகள் பல சரணங்களை மனப்பாடமாகப் பாடுவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. வரியை நடுவில் உடைத்தால் அந்தப் பிடி காணாமல் போகிறது.

இதனால் ஒரு வடிவமைப்பு முடிவை மாற்றினோம். எந்த ஆராதனை மென்பொருளை எடுத்தாலும் வரிகளை நடுவில் நிறுத்திக் காட்டும் வார்ப்புகள்தான் அதிகம் கிடைக்கும். அழகாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் நடுச்சீரமைப்பில் ஒவ்வொரு வரியும் வேறு வேறு இடத்தில் தொடங்குகிறது. கண் ஒவ்வொரு முறையும் தொடக்கத்தைத் தேடவேண்டும், எதுகையும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்காது. இடப்பக்கம் ஒட்டி வைத்தோம். "ஏதோ நோட்டீஸ் போர்டு மாதிரி இருக்குண்ணா" என்றார் ஸ்லைடு போடும் தங்கை. இருக்கட்டும் என்று இடது ஓரத்தைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்ததும் அவரும் சமாதானமானார். தமிழ்ப் பாட்டுக்கு இடச்சீரமைப்புதான் இயல்பு என்பது என் உறுதியான கருத்து. இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அப்புறம், சீர் பிரிப்பு. "மறவா திருந்தாய்" என்று அச்சிடுவதா, "மறவாது இருந்தாய்" என்று பிரிப்பதா? பிரித்தால் சிறுவர்களுக்கு உடனே பொருள் புரியும். ஆனால் அசை ஒன்று கூடிவிடும், மெட்டில் உட்காராது. திரையில் பாடுகிறபடியே போடுவது, பொருள் கடினமாக இருந்தால் பாடுவதற்கு முன் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தோம். ஆவியோடும் பாடவேண்டும் கருத்தோடும் பாடவேண்டும் என்று பவுல் கொரிந்து சபைக்கு எழுதியதை ஆயர் இதற்கு எடுத்துக்காட்டினார். கருத்துக்கான வேலையை அவரே ஏற்றுக்கொண்டது நல்லதாகப் போயிற்று.

பாமாலைகளில் இந்தத் தலைவலி குறைவு. பெரும்பாலும் மேலைநாட்டு மெட்டுகளுக்கு மொழிபெயர்த்தவை அவை. 8.6.8.6 (முதல் வரிக்கு 8 அசை, அடுத்ததற்கு 6 என்று மாறிமாறி) போன்ற அசைக்கணக்கில் வரிகள் குட்டையாகவும் சீராகவும் இருக்கும். நான்கு வரி, ஒரு ஸ்லைடு, முடிந்தது. மென்பொருள்களை எழுதியவர்கள் மனதில் வைத்திருந்ததும் இந்த வகைப் பாட்டைத்தான். கீர்த்தனை வேறு ஜாதி. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று அமைந்திருக்கும். சரணம் முடிந்ததும் பல்லவிக்குத் திரும்புவார்கள், பெரும்பாலும் அதன் முதல் பாதிக்கு மட்டும். சில வரிகளை இரண்டு முறை பாடுவார்கள். புத்தகத்தில் பல்லவி கண்ணெதிரே மேலேயே இருக்கும், தேட வேண்டாம். திரையில் அது எத்தனையோ ஸ்லைடு பின்னால் போயிருக்கும். ஸ்லைடு போடுகிறவர் பரபரவென்று பின்னோக்கித் தட்ட, சபை எல்லாச் சரணங்களும் தலைகீழாக ஓடுவதை வேடிக்கை பார்க்கும்.

ஓப்பன்எல்பியில் பாடலின் பகுதிகளுக்குக் குறியிட்டு, எந்த வரிசையில் காட்டவேண்டும் என்று ஒரே வரியில் எழுதிவைக்கலாம். பல்லவியை ஒரு முறை மட்டும் தட்டச்சு செய்து, ஒவ்வொரு சரணத்துக்குப் பின்னும் அதை அழைத்துக்கொள்ளலாம். நாங்கள் பல்லவியை இரண்டு பகுதிகளாக வைத்தோம்: முழுப் பல்லவி ஒன்று, திரும்பும்போது பாடும் பாதி ஒன்று. இரட்டிக்கும் வரிகளின் முடிவில், பாட்டுத் தாள்களில் வழக்கமாகப் போடுவதுபோல "- 2" என்று சேர்த்தோம். ஸ்லைடின் மூலையில் சிறியதாகச் சரண எண்: "3 / 5". இந்த எண்ணுக்குக் கிடைத்த வரவேற்பை நான் எதிர்பார்க்கவில்லை. புத்தகத்தில் பாடி வளர்ந்தவர்களுக்கு பாட்டில் தாங்கள் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பது முக்கியம். இன்னும் எத்தனை சரணம் என்று தெரிந்தால் மூச்சைப் பங்குபோட்டுப் பாடுவார்கள் போலிருக்கிறது.

எழுத்து

தமிழில் புள்ளி ஒரு குட்டிக் குறி, ஆனால் அது தொலைந்தால் சொல்லே மாறும். மெல்லிய எழுத்துருவில் 20 மீட்டருக்கு அப்பாலிருந்து பார்க்கும்போது முதலில் காணாமல் போவது அதுதான். சபை பயன்படுத்தி வந்தது கல்யாணப் பத்திரிகைக்குப் பொருத்தமான வளைவு நெளிவு எழுத்துரு. அதை எடுத்துவிட்டு நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைக் கொஞ்சம் தடித்த எடையில் வைத்தோம். முக்த மலர், ஹிந்த் மதுரை இரண்டையும் பார்த்தோம். இரண்டுமே நல்லவை. நோட்டோவில் புள்ளி தெளிவாக விழுந்தது, அவ்வளவுதான் காரணம்.

அளவுக்குப் பெயர்ப்பலகை எழுதுவோரின் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது: 10 அடி தூரத்துக்கு 1 அங்குல உயரம். 20 மீட்டர் என்பது சுமார் 65 அடி. ஆகவே எழுத்தின் உடல் ஆறரை அங்குலம், அதாவது 16 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல். தமிழில் 'கி'யின் கொக்கி மேலே போகும், 'கு'வின் வால் கீழே இறங்கும். அதனால் வரிக்கு வரி இடைவெளி அதைப்போல் இரண்டு மடங்கு வேண்டும். 4 மீட்டர் அகல 16:9 திரையின் உயரம் 2.25 மீட்டர். ஓரங்களை விட்டுவிட்டால் நான்கு வரி தாராளமாகவும், ஐந்து வரி நெருக்கியும் நிற்கும். பழைய ஸ்லைடுகளில் எட்டு வரிகள் இருந்தன. இதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1987இல் வெளிவந்த பவர்பாயிண்ட் நெடுங்காலம் 4:3 வடிவத்தையே இயல்பாக வைத்திருந்தது. 2013 பதிப்பில்தான் அகலத்திரை இயல்பானது. உயரமான ஸ்லைடுக்காக எழுதிய கோப்புகளை அகலத்திரையில் திணித்ததில் எழுத்து குட்டையாகிவிட்டது.

வெளிச்சம்தான் அடுத்தது. புரொஜெக்டரால் கறுப்பைக் காட்ட முடியாது. ஒளி போடாமல் விடுவதைத்தான் கறுப்பு என்கிறோம். காலை வெயிலில் சன்னல் வெளிச்சம் திரையில் விழுந்தால், அந்த வெளிச்சம்தான் அன்றைய கறுப்பு. புரொஜெக்டரின் ஒளி சன்னல் ஒளியைப் போல மூன்று மடங்கு என்று வைத்துக்கொள்வோம். வெள்ளை எழுத்தின் மேல் 3 + 1 = 4 பங்கு, பின்னணியில் 1 பங்கு. வேறுபாடு 4:1. இணையப் பக்கங்களுக்கான டபிள்யூசிஏஜி நெறிமுறை சாதாரண எழுத்துக்கு 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 கேட்கிறது. வெறும் கறுப்புப் பின்னணியிலேயே நாம் விளிம்பில் நிற்கிறோம் என்று பொருள். அதன்மேல் நகரும் மேகக் காட்சி ஒன்றை ஓடவிட்டு, மேகத்தின் பிரகாசம் வெள்ளையில் பாதி என்று வைத்தால், பின்னணி 2.5 பங்காகிவிடும். வேறுபாடு 1.6:1. கண்ணாடி போட்டவருக்கே படிக்க முடியாது.

மேகத்தை எடுப்பதற்குத்தான் மிகப் பெரிய எதிர்ப்பு வந்தது. அந்தக் காட்சிகளைத் தேடிச் சேர்த்த தம்பியின் உழைப்பு அதில் இருந்தது. அது ஒன்றும் அற்பமானதல்ல. பாட்டு இல்லாத நேரத்தில், தியானத்துக்கும் அறிவிப்புக்கும் இடையே, அவர் படங்கள் முழுத்திரையில் வரட்டும் என்று வைத்தோம். எழுத்து வரும்போது அடர்நீலப் பின்னணி மட்டும். சன்னல்களுக்குத் திரைச்சீலையும் போட்டார்கள்.

பழைய கோப்புகளின் குப்பை

ஆராதனை நடுவில் ஆயர் திடீரென்று ஒரு பாட்டைக் கேட்டால் ஸ்லைடு கிடைக்காது. பாட்டு கணினியில் இருக்கும், தேடினால் வராது. காரணம் தேடிப் போனபோது, தமிழ்க் கணிமையின் முப்பது வருடச் சரித்திரமும் அந்தக் கோப்புறையில் அடுக்கியிருந்தது.

பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தவை ஒரு பகுதி. அவற்றில் உள்ளே இருப்பது ரோமன் எழுத்துகள்தான். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் முகமூடி போடுகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் புரியாத ஆங்கிலக் கிறுக்கல். தமிழில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடில் 1991இன் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது, ஆனால் பழக்கம் மாற ரொம்ப நாளானது. மாற்றும்போது ஒரு கண்ணி உண்டு. பாமினியில் 'கெ' எழுத, பார்வைக்கு முன்னால் வரும் கொம்பை முதலில் அடிப்போம். யூனிகோடில் மெய்யெழுத்துக்குப் பிறகுதான் கொம்பு சேமிக்கப்படும். மாற்றி சரியாக இடம்மாற்றவில்லையென்றால், கொம்பு தனியாக ஒரு புள்ளி வட்டத்தின் அருகில் அநாதையாக நிற்கும்.

யூனிகோடிலேயே இருந்த கோப்புகளிலும் ஒரு மாயம். 'கொ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: 'ொ' என்ற ஒரே குறியாக, அல்லது கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தேடல் பெட்டிக்கு வேறு வேறு. எல்லாப் பாடல்களையும் யூனிகோடின் இயல்பாக்க விதிப்படி ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் சின்ன நிரல் ஒன்று எழுதி ஓட்டினோம். காணாமல் போயிருந்த பாட்டுகள் தேடலில் வரத்தொடங்கின.

மாற்றிய வரிகளை மனிதக் கண் படித்தே ஆகவேண்டும். பாடகர் குழு அக்கா ஒருவரும் ஆயரும் பங்குபோட்டுப் படித்தார்கள். காலுக்குப் பதில் 'ர', 'ர'வுக்குப் பதில் 'ற' என்று பிழைகள் மலிந்திருந்தன. "உம் இரக்கம் பெரியது" என்று வரவேண்டிய இடத்தில் "உம் இறக்கம் பெரியது" என்று ஒரு பாட்டில் இருந்தது. கடவுளின் கருணை மலைச்சரிவாகிவிட்டதை யாரும் கவனிக்காமலே சபை நெடுநாள் பாடியிருக்கிறது.

நேரம்

இதெல்லாம் முடிந்த பிறகும் "முதல் சீர் காலி" மட்டும் பிடிவாதமாக நின்றது. ஸ்லைடு மாறும் இடத்தை மெதுவாக ஓட்டிக் கேட்டோம். ஸ்லைடு போடுகிறவர் மிக நேர்மையாக வேலை செய்திருந்தார்: கடைசி வரி முழுதாக முடிந்த பிறகே அடுத்ததை அழுத்தினார். அதுதான் பிரச்சினை.

நிமிடத்துக்கு 72 தட்டு வேகத்தில் ஒரு தட்டு 0.83 நொடி. ஸ்லைடு மெல்லக் கரைந்து மாறும் அலங்காரம் 1 நொடிக்கு வைக்கப்பட்டிருந்தது. வரி முடிந்து அழுத்தினால், கரைந்து முடிவதற்குள் ஒரு தட்டுக்கு மேல் போய்விடும். கம்பியில்லா இணைப்பில் படம் அனுப்பினால் அதன் தாமதமும் சேரும். இதற்கு மேல் மக்கள் வரியைப் படிக்கவும் வேண்டும். வாய்விட்டுப் படிக்கும்போது கண் குரலைவிடச் சில சொற்கள் முன்னாலேயே போய்க்கொண்டிருக்கும். பாட்டிலும் அப்படித்தான். கடைசிச் சீரைப் பாடும் நேரத்தில் கண்ணுக்கு அந்த ஸ்லைடில் வேலை இல்லை, அடுத்ததைத்தான் தேடுகிறது.

எனவே விதி இப்படி ஆனது: கடைசி வரியின் கடைசிச் சீர் தொடங்கும்போது அழுத்து. கரைப்பு அலங்காரம் நீக்கம். கம்பியில்லா இணைப்புக்குப் பதில் கேபிள். "பாடி முடிக்கிறதுக்கு முன்னாடியே சொல் போயிடுமே" என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. ஒத்திகையில் போட்டுக் காட்டினோம், யாருக்கும் குறை தெரியவில்லை.

விதி சொல்வது எளிது, கைக்கு வருவது கடினம். கணினி தெரிந்தவரைத்தான் எல்லாச் சபையும் அந்த நாற்காலியில் உட்கார வைக்கிறது. என் பார்வையில் அங்கே வேண்டியது பாட்டு தெரிந்தவர். மூச்சு எங்கே, திரும்புதல் எங்கே, முன்னணிப் பாடகர் எந்த இடத்தில் இன்னொரு முறை போகப் பார்க்கிறார் என்பது பாடுகிறவருக்குத்தான் முன்கூட்டியே தெரியும். பாடகர் குழுவில் ஆல்டோ பாடுகிற ஒருவர் மாதம் ஒரு ஞாயிறு ஸ்லைடு மேசைக்கு வர ஒத்துக்கொண்டார். அவர் உட்கார்ந்த முதல் வாரப் பதிவிலேயே வித்தியாசம் காதுக்குத் தெரிந்தது. மற்றவர்கள் அவருக்கு அருகில் அமர்ந்து, வாய்க்குள் பாடிக்கொண்டே அழுத்தப் பழகினார்கள். மேடைக்கும் மேசைக்கும் சில சைகைகளும் வந்தன: ஒரு விரல் சுழற்றினால் பல்லவி, கை கீழே இறங்கினால் முடிவு.

இதில் புதுமை எதுவும் இல்லை என்பதுதான் வேடிக்கை. 1645இல் வெளியான வெஸ்ட்மின்ஸ்டர் ஆராதனை நெறிநூல், படிக்கத் தெரியாதவர்கள் நிறைந்த சபையில் ஒருவர் சங்கீதத்தை வரிவரியாகப் படித்துச் சொல்ல, சபை அதன்பின் பாடலாம் என்று வழி சொன்னது. அந்த வழக்கம் ஸ்காட்லாந்திலும் அமெரிக்கக் குடியேற்றங்களிலும் வேரூன்றியது. பாட்டு இழுபட்டுப் போகிறது என்று 18ஆம் நூற்றாண்டு நியூ இங்கிலாந்தில் அதை ஒழிக்கப் பெரிய சண்டையே நடந்தது. எங்கள் முன்னணிப் பாடகர் சரணங்களுக்கிடையே அடுத்த வரியின் முதல் இரண்டு சொற்களை வேகமாகச் சொல்லி எடுத்துக்கொடுப்பார். ஸ்லைடு தவறிய இடங்களில்கூட அவர் எடுத்துக்கொடுத்திருந்தால் முதல் சீர் நிறைந்திருந்தது. திரைக்குச் செலவிட்டதில் கொஞ்ச நேரத்தைப் பாடகர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதில் செலவிட்டாலும் பலன் வரும்.

இப்போதைய நிலை

பாமாலைகளில் சபைக் குரல் பழைய பலத்துக்கு வந்துவிட்டது என்று பதிவுகளைக் கேட்டு என்னால் சொல்லமுடியும். கீர்த்தனைகளில் தெரிந்தவற்றில் நல்ல முன்னேற்றம், பல்லவித் திரும்பல்களில் குழப்பம் அரிது. புதிய துதிப்பாடல்கள் இன்னும் அரைகுறைதான். அவற்றில் பல தனிக்குரலுக்காக எழுதியவை, தாளம் விட்டு வரும் சொற்கள் அதிகம், சபை ஒன்றாக நுழைய இடமில்லை. எழுத்துரு மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது. ஒரே பாட்டை மூன்று நான்கு வாரம் தொடர்ந்து பாடினால் ஓரளவு வருகிறது.

புத்தகங்களை அலமாரியிலிருந்து வெளியே எடுத்து வாசலில் வைக்கச் சொன்னேன், வைத்தார்கள். திரை வந்தால் புத்தகம் போகவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பாட, ராகம் தாளம் பார்க்க, முழுப் பாட்டையும் ஒரே பார்வையில் படிக்க அதற்கு மாற்று கிடையாது.

தீராமல் நிற்பது ஒன்று. பேசத் தெரிந்து, தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைகள் சபையில் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஒவ்வொரு வரிக்கும் கீழே ரோமன் எழுத்தில் அதே வரி வேண்டும் என்று பெற்றோர் கேட்கிறார்கள். போட்டால் ஸ்லைடுக்கு இரண்டு தமிழ் வரிதான் நிற்கும். எதுகை பாதியில் அறுந்து, ஸ்லைடு மாறும் இடங்கள் இரண்டு மடங்காகும். எழுத்தைச் சிறிதாக்கினால் பின்வரிசை போய்விடும். இப்போதைக்கு ரோமன் வரிகளைத் திரைக்குக் கொண்டுவராமல், ஓப்பன்எல்பியின் இணைய உலாவிக் காட்சி வழியாக உள் வைஃபையில் போனுக்கு அனுப்பிப் பார்க்கிறோம். ஆராதனையில் பிள்ளைகள் கையில் போனா என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள், அது நியாயமான சுளிப்பும்கூட. இதற்கிடையில் ரோமன் எழுத்தில் எப்படி எழுதுவது என்பதே தனி வழக்காகிவிட்டது. ழகரத்துக்கு ஒரு முடிவு எட்டியிருக்கிறோம். 'ந', 'ன', 'ண' மூன்றையும் என்ன செய்வது என்று பெற்றோர் குழுவில் இன்னும் வாக்குவாதம் நடக்கிறது.